பின் சக்கரம்

சுவரில் இரண்டு டயர்கள் சாய்ந்து நின்றன. ஒன்று தார்ச்சாலைக்கான சாதா டயர். மற்றது கல்லிலும் சேற்றிலும் பிடித்து ஏறும் பட்டன் டயர். "வழக்கம்போல பட்டன்தானே, மாதையண்ணே?" என்றார் டயர்க்கடை ரியாஸ் பாய். "இல்ல பாய், நாலும் சாதா போடுங்க." "அப்ப மலைக்கு?" "வண்டி ஏறாதுன்னு சொல்லிக்கலாம்." மலையூருக்குப் போகும் ஒரே வண்டி மாதையனின் பிக்கப்தான். தக்காளி ஏற்றப் போனவனைப் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஊரார் கூப்பிடத் தொடங்கினார்கள். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகப் பின்னால் படுக்கவைத்திருந்த பெண் பாதி வழியில் மூச்சடங்கிப்போனாள். அவள் புருஷன் கத்தவில்லை, அழவில்லை. கண்ணாடியைத் தட்டி, "இனிமே மெதுவாவே போண்ணே" என்றான். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே மாதையனுக்குத் தோள் கனக்கிறது. பாய் முன்னால் இருந்த பழைய டயர்களைக் கழற்றினார். பள்ளங்களில் சிக்கியிருந்த மலைக்கற்கள் தரையில் உதிர்ந்தன. புதியதை மாட்டிவிட்டு எழுந்தவர், "பாதி வண்டி மலையை மறந்தாச்சு. மீதியையும் மறக்க வச்சிடலாமா?" என்று சிரித்தபடி ஜாக்கியைப் பின்பக்கம் தள்ளினார். மாதையன் சுவரோரம் போய்ப் பட்டன் டயரின் முன்னால் குந்தினான். அதன் பள்ளத்தில் விரலை விட்டான். முதல் கணு வரை உள்ளே போனது. விரலை எடுக்காமலே, அலுத்துப்போன குரலில் கேட்டான்: "மலை ஏத்துறது பின்சக்கரம்தானே, பாய்?"