கைராசி

"உன் கைராசியைப் பத்தித் தெருவே பேசுதே, நிஜந்தானா மகளே?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்த வெல்வெட் அங்கி அம்மாளைப் பார்த்ததும், சவோதத் தன் மகள் ஹிலோலாவின் முழங்கையைக் கிள்ளினாள். "வந்துட்டாங்கடி!"

தவ்ரோன் வீட்டிலிருந்து இன்று பெண் பார்க்க ஆள் வரும் என்று தகவல். காலையிலிருந்து ஹிலோலாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கட்டினால் தவ்ரோனைத்தான் கட்டுவாள்.

உஸ்பெக் நாட்டு மர்கிலானில், எங்கள் தெருவில், பெண் பார்க்க வருகிறவர்கள் வந்த காரியத்தைச் சொல்ல மாட்டார்கள், கேட்பதும் மரியாதையில்லை. கொண்டுவந்த ரொட்டியை விட்டுப்போனால் பெண் பிடித்திருக்கிறது. எடுத்துப்போனால் இல்லை.

அந்த அம்மாளின் கைப்பை நன்றாகவே புடைத்திருந்தது.

மெத்தையில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள். "பெரிய இடம், அப்படித்தான் உக்காருவாங்க" என்று மகளிடம் கிசுகிசுத்துவிட்டு, சவோதத் தட்டில் புலாவைக் குவித்தாள்.

முற்றத்தில் மெலிந்த பெண் ஒருத்தி, துணி மூட்டையை அணைத்தபடி நின்றாள். ஹிலோலா நர்ஸ் படிப்பு முடித்தவள். ஊசி போட்டுக்கொள்ள அவளிடம் தினமும் யாராவது வருவார்கள். இவளும் அப்படித்தான் என்று நினைத்து வெளியே வந்தாள்.

"ஊசியா அக்கா, ட்ரிப்ஸா?"

"நான்... வந்து..." அவள் முகம் சிவந்தது.

"இடுப்பு ஊசியா? இதுக்கா வெக்கம்! போலீஸ்காரரே இங்க வந்து குப்புறப் படுத்துக்கிறார். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

பெஞ்சில் தலையணை போட்டு அவளை உட்காரவைத்து, விருந்துத் தேநீரிலேயே ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள் ஹிலோலா.

அங்கே மூன்றாவது தட்டும் காலி. அம்மாள் ஏப்பம் விட்டுக் கைப்பையைத் திறந்தாள். சவோதத் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தது ஒரு மருந்துப் பெட்டியும் சிரிஞ்சும்.

"வாய் வழியா போனதெல்லாம் அருமை! நேத்து வேற ஒருத்தி குத்தினது இன்னும் வலிக்குது. இன்னிக்கு இடுப்பு வழியா போறத நீ போடு, கண்ணு!"

"அப்போ வெளிய இருக்கிறது யாருடி?" என்று அலறினாள் சவோதத்.

தாயும் மகளும் முற்றத்துக்கு ஓடினார்கள். மெலிந்த பெண் வாயைப் பொத்திச் சிரித்தபடி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில், தலையணை மேல், சூடு ஆறாத இரண்டு ரொட்டிகள்.