புகார் கொடுத்தவர்

குதிரை வண்டிப் பந்தயம் முடிந்த கையோடு, முகமெல்லாம் புழுதியாக ஒருவர் மருத்துவக் கூடாரத்துக்குள் வந்தார்.

“டாக்டரம்மா, ஜெயிச்ச குதிரைக்கு வலி தெரியாம இருக்க ஊசி போட்டிருக்காவ. ரத்தம் எடுத்துப் பாருங்க.”

கால்நடை மருத்துவர் அஜிஷாவுக்கு அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது புகார். முதல் இரண்டும் தோற்றவர்களின் ஆற்றாமைதான்.

“ஊசி போட்டத நீங்க பாத்தியளா, அண்ணாச்சி?”

“பாக்கல்ல. ஆனா காலம்பற வலது முன்னங்கால ஊனாம நொண்டிச்சு. பந்தயத்துல அதே கால வச்சுப் பறக்குது. இன்னும் ஒருக்கா இப்படி ஓட்டினா கால் முறிஞ்சிரும். நேர்மையா ஓடினவனுக்கும் இது துரோகமில்லியா?”

“நிரூபணமானா அந்த வண்டிக்காரர் பொழப்பே போயிரும். யோசிச்சுத்தான் சொல்லுதியளா?”

“யோசிச்சாச்சு.”

அவள் நீட்டிய தாளில் அவர் புகாரை எழுதி, தாசையன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். அஜிஷா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“புகார் ஏழாம் நம்பர் வண்டி மேல. உங்க வண்டி நம்பரையும் ஏழுன்னே எழுதியிருக்கிய. தப்பா இருக்கு.”

“தப்பில்ல, டாக்டரம்மா. ஓட்டினது நாந்தான். கால் சரியாயிற்றுன்னு முதலாளி சொன்னத நம்பி ஏறிட்டேன். கடைசி வளைவுலதான் ஊசி போட்டிருக்காவன்னு எனக்கு மனசிலாச்சு.”

கோப்பை வாங்க வரும்படி ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லி அழைத்தது. அவர் அசையவில்லை.

அஜிஷா ரத்தம் எடுக்க ஊசியையும் குப்பியையும் எடுத்துக்கொண்டாள்.

“நான் வந்து பிடிச்சுக்கிடுதேன்,” என்றார் தாசையன். “வேற ஆளு தொட்டா மிரளும்.”