தரையில் படுத்த மாப்பிள்ளை

"மச்சான், காரை எடுங்க. அவசரமா கடைக்குப் போகணும்!"

தங்கை முதுகில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கிறாள். மாப்பிள்ளை அவசரம் என்கிறார். மருந்துக் கடைக்குத்தான் என்று நினைத்து, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அண்ணன் அரக்கப் பரக்கக் கிளம்பினார்.

கார் போய் நின்றதோ கம்ப்யூட்டர் கடை வாசலில்.

"இங்க என்ன மாப்பிள்ளை?"

"கேமிங் மானிட்டர் வாங்கணும் மச்சான். சாயங்காலம் ஃபைனல்ஸ்."

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியம் என்பது குடும்பத்தில் தெரிந்த சேதிதான். அவரே அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்காக, கட்டின பெண்டாட்டி அசைய முடியாமல் கிடக்கும்போதா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மேஜைமேல் இரண்டு மானிட்டர்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அப்படியே ஒன்றுபோல இருந்தன.

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ் சார்" என்றாள் விற்பனைப் பெண். "ஆனா இதுல படம் நல்ல வேகம். போட்டியில ஆடறவங்க கண்ணை மூடிட்டு இதைத்தான் எடுப்பாங்க."

"அது?" என்றார் மாப்பிள்ளை.

"அதுவும் நல்லதுதான். வேகம் கொஞ்சம் கம்மி."

"வேகமானதையே வாங்கித் தொலைங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "அங்க அவ தனியா கிடக்கா."

"பக்கத்து வீட்டு அக்கா கூட இருக்காங்க மச்சான். அவசரப்பட்டா தப்பா வாங்கிடுவோம். ஏம்மா, ரெண்டையும் அந்த ஸ்டூல் மேல இறக்கி வைக்கிறீங்களா?"

வைத்தார்கள். அடுத்து மாப்பிள்ளை செய்த காரியத்தை அண்ணன் சாகும்வரை மறக்கமாட்டார். நட்டநடுக் கடையில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டார்!

"சார், மயக்கமா? தண்ணி கொண்டு வரவா?" விற்பனைப் பெண் பதறினாள்.

"இல்லம்மா. பாக்கறேன்."

இடது பக்கம் உருண்டார், பார்த்தார். வலது பக்கம் உருண்டார், பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் ஃபோனை எடுத்து வீடியோவே பிடிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன், இந்த ஆள் யாரென்றே தெரியாததுபோல் ஹெட்ஃபோன் அடுக்கிய அலமாரிப் பக்கம் நகர்ந்துகொண்டார்.

"இந்த வேகமானது பக்கவாட்டுல பார்த்தா சாயம் போன துணி மாதிரி வெளுக்குதேம்மா."

"நேரா உட்கார்ந்து பார்த்தா பளிச்சுனு இருக்கும் சார்."

"இருக்கும். ஆனா எனக்கு அந்த இன்னொண்ணையே பேக் பண்ணுங்க."

அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. துரை படுத்துக்கொண்டே விளையாடப் போகிறார்! உட்காரக்கூட உடம்பு வணங்கவில்லை.

கார் கிளம்பியதும் வெடித்தார்.

"மாப்பிள்ளை, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அவ வலியில துடிக்கிறா. பக்கத்துலயே நீங்க கால்மேல கால் போட்டுப் படுத்துக்கிட்டு ஆடப்போறீங்களா? கொஞ்சமாவது கூச்சம் வேணாமா?"

"நீங்க கேக்கறது நியாயம்தான் மச்சான்."

அவ்வளவுதான். மடியில் இருந்த பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். எத்தனை சொன்னாலும் உறைக்காத ஜென்மம் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை மானிட்டரைத் தூக்கிப்போய் கட்டிலை ஒட்டிய மேஜையில் வைத்தார். ஒயர்களை மாட்டினார். மனைவியின் முதுகுக்குத் தலையணை கொடுத்து மெல்லத் திருப்பிப் படுக்க வைத்தார். பிறகு ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் தெரியுதா? அந்தப் பக்கம் திரும்பினா?"

"ரெண்டு பக்கமும் சூப்பரா தெரியுதுங்க! பழைய மானிட்டர்ல ஒரே இருட்டு."

அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னடி இது? நீயா ஆடப்போற?"

"இவதான் மச்சான் டீம் கேப்டன்" என்றார் மாப்பிள்ளை. "இவ இல்லேன்னா ஃபைனல்ஸே வேணாம்னுட்டாங்க மத்தவங்க."

ஆட்டம் ஆரம்பித்தது. படுத்த படுக்கையிலிருந்து தங்கை படை நடத்தினாள். "இடது பக்கம் வா! இப்ப வேணாம், பொறு... சுடு!" அவள் முகத்தில் வலியின் சுவடே இல்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தன்னை மறந்தார்.

"பின்னாடி வர்றான் பாரு! கண்ணாடியில பாரு! திருப்பு, திருப்பு!" என்று கத்திக்கொண்டே வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். பழக்கதோஷம், அங்கே பிரேக் இல்லை.

கடைசி எதிரியும் விழுந்தான். திரை முழுக்கத் தங்கக் கோப்பை. பக்கத்து வீட்டு அக்கா விரலை மடித்து விசிலடித்தாள். அண்ணன் இருந்த இடத்திலேயே குதித்தார். தங்கை அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். இப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து எத்தனையோ நாளாயிற்று என்று அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்தது.

"அடுத்த ஆட்டம் நீங்களா மாப்பிள்ளை?"

"நானா? இதுல எந்தப் பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாதே மச்சான்!"

"அப்புறம் எதுக்கு, உங்களுக்குத்தான் பைத்தியம்னு அம்மாகிட்ட ஒத்துக்கிட்டீங்க?"

மாப்பிள்ளை அட்டைப்பெட்டியை மடிக்க ஆரம்பித்தார். தங்கைதான் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல, 'குடும்பப் பொண்ணுக்கு என்னடி துப்பாக்கி விளையாட்டு'ன்னு இந்த ஜாய்ஸ்டிக்கை உடைச்சுப் போட வந்தாங்க அம்மா. 'ஐயோ அத்தை, அது என்னோடது'ன்னு இவர் வாங்கி வச்சுக்கிட்டார். மாப்பிள்ளை கையில இருக்கறதைப் பிடுங்க அம்மாவால முடியுமாண்ணா?"