முன்னால் நிற்கும் விண்டோ

இந்து மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கீபோர்டையும் தொடவில்லை.

அப்படியும் திரையில் புதிதாக ஒரு வரி ஏறியது. விண்டோ மாறிவிட்டதாம்.

எந்த விண்டோவுக்கு என்று சொல்லவேண்டிய இடம் காலியாக இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த வரி. பழைய விண்டோவுக்கே திரும்பிவிட்டதாம்.

காலையிலிருந்து இதே கூத்து.

அவள் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். அரை நொடிக்கு ஒருமுறை, ‘இப்போது முன்னால் நிற்பது எந்த விண்டோ?’ என்று கம்ப்யூட்டரைக் கேட்கும். போன தடவை வந்த பதிலும் இந்தத் தடவை வந்த பதிலும் வேறாக இருந்தால், புதிய விண்டோவின் பெயரைக் குறித்துக்கொள்ளும். யார் டைப் அடிக்கிறார்கள், யார் சீட்டு விளையாடுகிறார்கள், யார் மெயில் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் முதலாளி தன் அறையில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களை டைப் அடித்து அனுப்பும் ஆபீஸ் அது. மலையூரின் கடைவீதியான ஏழுரோட்டில் ஒரு மாடி. சீசன் என்பதால், சுற்றிப்பார்க்க வந்தவர்களைக் கீழே ஜீப்காரர்கள் கூப்பிடும் சத்தம் ஓயவே இல்லை.

புரோகிராம் எழுதத் தெரிந்தவள் இந்து ஒருத்திதான். அவள் என்ன எழுதுகிறாள் என்பது மற்ற பெண்களுக்குத் தெரிந்துபோயிருந்தது. தண்ணீர் குடிக்க அவள் எழுந்தால்கூட அறையில் பேச்சு நின்றுவிடுகிறது.

முதலாளி திருமலைச்சாமி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“என்னம்மா, ஆச்சா? வெரசா முடிம்மா. மத்தியானத்துக்குள்ள முருகேஸ்வரி மெஷின்ல போட்டுப் பாத்துரணும்.”

முதலில் முருகேஸ்வரி மெஷினில் போடலாம் என்று சொன்னவளே இந்துதான்.

இருவருக்கும் ஒரே ஊர், பேத்துப்பாறை. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டிபன்பாக்ஸில் சாப்பிட்டவர்கள். சென்னைக் கம்பெனி ஒன்று இந்துவை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு மெயில் அனுப்பியபோது, அதை அவள் சொன்னது முருகேஸ்வரியிடம் மட்டும்தான். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மறுநாளே முதலாளி கூப்பிட்டுவிட்டார். “சென்னைக்குப் போறாப்பலயாம்மா? ஒரிஜினல் சர்டிபிகேட்டு பூரா எங்கிட்டத்தான் கெடக்கு, ஞாபகம் வச்சுக்க” என்றார் சிரித்துக்கொண்டே.

சர்டிபிகேட் இல்லாமல் இன்டர்வியூவுக்குப் போய் என்ன செய்வது? போகவில்லை.

அன்று சாயங்காலம், பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, “காட்டிக் குடுத்துட்டியேடி” என்று முருகேஸ்வரியைப் பார்த்துக் கத்தினாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள். முருகேஸ்வரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஊர் வருவதற்கு முன்பே, பெருமாள்மலையிலேயே இறங்கிக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றுதான் இந்து எடுத்துக்கொண்டாள்.

மறுபடியும் ஒரு வரி ஏறியது. பெயர் இல்லாத விண்டோ.

இந்துவுக்கு உட்காரப் பொறுக்கவில்லை. திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினாள். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். தான் எழுதிய புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தாள். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. சற்று நேரத்தில் அது திரும்ப வந்தது, ஒரு நொடி முன்னால் நின்றது, போய்விட்டது.

விண்டோவுக்குப் பெயர் இல்லாவிட்டால் என்ன, அதைத் திறக்கும் புரோகிராமுக்கு ஒரு பெயர் இருக்கத்தானே வேண்டும்? அதையும் கேட்கும்படி நாலு வரி சேர்த்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இந்தத் தடவை பெயர் வந்தது. அவள் கேள்விப்படாத பெயர். அது இருந்த ஃபோல்டரும் தெரிந்தது. அவளுடைய மெஷினில்தான், மறைத்து வைக்கப்பட்ட ஒரு ஃபோல்டர்.

திறந்தாள். உள்ளே வரிசையாகப் படங்கள்.

அத்தனையும் அவளுடைய திரையின் படங்கள். அவள் அடித்த பில். அவள் பார்த்த ரயில் டைம்டேபிள். நடுவில், சென்னைக் கம்பெனியின் மெயில், எழுத்தெழுத்தாகப் படிக்கும்படி.

படங்களுக்குக் கீழே இருந்த புரோகிராமை அழுத்தினாள். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. இலவசக் காலம் முடிந்துவிட்டது, இந்தக் கம்ப்யூட்டரைத் தொடர்ந்து கண்காணிக்கப் பணம் கட்டவும். பதிவு செய்தவர் திருமலைச்சாமி.

இந்தப் பெட்டியைக் காட்டத்தான் அது காலையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஓடவேண்டும் என்று அமைத்துவிட்டதால், நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. அதற்குப் பணம் கட்ட மனம் வராமல்தான் முதலாளி அவளையே ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

முருகேஸ்வரி யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

“ஆச்சாம்மா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

 இந்து தான் எழுதிய அத்தனையையும் அழித்தாள். குப்பைக்கூடையிலும் மிச்சமில்லாமல் காலி செய்தாள். எழுந்து, கடைசியில் இருந்த முருகேஸ்வரியின் மெஷினைப் பார்த்து வேகமாக நடந்தாள். வழியெல்லாம் பேச்சு நின்றது.

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “முருகேசு” என்று மட்டும் கூப்பிட்டாள்.

முருகேஸ்வரியின் விரல்கள் சட்டென்று கீபோர்டில் இரண்டு கட்டைகளை அழுத்தின. திரையில் அதுவரை இருந்தது என்னவென்று இந்து படிப்பதற்குள் அது பின்னால் போய், ஒரு ஆஸ்பத்திரி பில் முன்னால் வந்து நின்றது.

“டைப்தான் அடிச்சுக்கிட்டிருக்கேங்க, மேடம்” என்றாள் முருகேஸ்வரி, திரும்பிப் பார்க்காமல்.