நாற்பத்தொரு வட்டங்கள்

டிஸ்லெக்சியா என்னும் எழுத்து-வாசிப்புக் குறைபாடு உள்ள கல்லூரி மாணவி நசீமாவின் விடைத்தாளில், முற்றுப்புள்ளி விடுபட்ட நாற்பத்தொரு இடங்களிலும் சிவப்புப் பேனா வட்டமிட்டது.

“மூச்சே விடாமல் எழுதியிருக்கிறாள். ரயில் வண்டி தோற்றது! இதற்குத் தேர்ச்சி கிடையாது” என்றது.

“எழுத்துகளை வரிசையில் நிற்கவைக்கவே அவளுக்கு நேரம் சரியாகிவிடும், ஐயா. முற்றுப்புள்ளிகளைக் கடைசியில்தான் வைப்பாள். அதற்குள் மணி அடித்துவிட்டது” என்றது விடைத்தாள்.

“சாக்குச் சொல்லாதே.”

“சரி. வட்டமிடும்போது தாங்கள் எங்காவது தடுமாறினீர்களா?”

“நானா? வாக்கியம் எங்கே முடிகிறதென்று படித்தாலே தெரிகிறதே!”

மதிப்பெண் கட்டத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பேனா, அங்கேயே நின்றது. பிறகு மூடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியது.