வாரண்ட் இல்லாத சோதனை

"வாரண்டு இல்லாம போலீசு வீட்டுக்குள்ள பூந்து பொரட்டிப் போட்டிருக்காங்கய்யா! விடக் கூடாது, கேஸ் போடுங்க!"

கோகிலாம்பாள் போட்ட சத்தத்தில் அருப்புக்கோட்டை வக்கீல் சண்முகவேல் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"என்னத்தைத் தேடுனாங்களாம்?"

"சாராயமாம்! எங்க வீட்டுக்காரருக்குச் சோடா குடிச்சாலே தலை சுத்தும். அவுக சொல்லிவிட்டாகன்னு பாலவனத்தத்துல இருந்து பஸ் பிடிச்சு ஓடுனேன். அரிசி டின்னு கவுந்து கெடக்கு. என் கல்யாணப் பட்டெல்லாம் தரையில! வாசல்ல நின்னு பாத்துட்டு நேரா இங்கதான் வாரேன்."

"வாசல்லயேவா? அது உன் வீடுதானம்மா?"

கோகிலாம்பாளின் குரல் இறங்கிவிட்டது. ரெட்டியபட்டியில் இருப்பது கணவர் சௌடையாவின் வீடு. "இது என் வீடு, நீ யாரு கேக்க?" என்று ஒரு சண்டையில் அவர் வாய்தவறிச் சொல்லப்போக, அவள் பாலவனத்தத்தில் உள்ள தாய்வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகிறது. அவர் வந்து அழைத்தால் அந்த நிமிஷமே கிளம்பத் தயார். ஆனால் மனுஷன் வரவேயில்லை.

"அங்க குடியிருக்கறவங்கதான் சோதனையை எதிர்த்துக் கேக்க முடியும். சௌடையாவை வரச் சொல்லு."

"அவுக வர மாட்டாக. போலீசோட எதுக்கு வம்புங்காக."

"அப்ப கேஸ் நிக்காதும்மா. நீ யாருன்னு கோர்ட்டுல கேப்பாங்க."

அதே கேள்வி! கோகிலாம்பாளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் யாரா? அந்த வீட்டுக்காரி! என் சேலை, என் பெட்டி எல்லாம் அங்கதான இருந்துச்சு?"

"அது ஒரு பிடிதான். ஆனா நீ அந்த வீட்டுல இருந்தாத்தான் பேச்சு எடுபடும்."

"இன்னிக்கே போறேன். நீங்க எழுதுங்க!"

சொன்னபடி போய்விட்டாள். சௌடையாவே காபி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வக்கீலே வந்து வாசலில் நின்றார்.

"மனு எழுதறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல விசாரிச்சேம்மா. இந்தத் தெருவுக்கு எந்தப் போலீசும் வரவே இல்லையாம்!"

கோகிலாம்பாள் திரும்பிப் பார்த்தாள். சௌடையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறமாக நழுவிக்கொண்டிருந்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நில்லுங்க! வீட்டையே பொரட்டிப் போடத் தெரிஞ்ச மனுசனுக்கு, 'வாடி'ன்னு வந்து கூப்பிடத் தெரியலையே!"