சீனப் புத்தாண்டில் ஒரு கல்யாணம்

"என் பொண்ணு கல்யாணமே நின்னுடும்போல இருக்கும்மா." போனில் சொல்லும்போதே அந்த இறக்குமதி வியாபாரிக்குக் குரல் தழுதழுத்தது. "அறுநூறு நாற்காலி வரலன்னா, வர்றவங்களை எங்க உக்கார வைப்பேன்? என் மானமே போயிடும்."

மறுமுனையில், சீனாவில் நாற்காலித் தொழிற்சாலை நடத்தும் முதலாளியம்மா. நம் வியாபாரிகளோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவள்.

"அண்ணா, புத்தாண்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, இன்னும் பத்து நாள்ல லீவு விடறோம். ஆளுங்க இப்பவே பெட்டி கட்டறாங்க. அப்புறம் ஒரு மாசம் மெஷின் ஓடாது. உங்க ஆர்டர் வரிசைல கடைசி."

"உன்னை என் கூடப்பிறந்தவளா நினைச்சுக் கேக்கறேன்."

ஆர்டர் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கல்யாணம் என்னைக்கு?" என்றாள்.

சீன விடுமுறைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்ட காலண்டர் எதிரே தொங்கியது. அவர் அதைப் பார்த்தபடியே, "உங்க புத்தாண்டுக்கு ஆறாம் நாள்" என்றார். அந்த நாட்களில் சீனாவே சொந்த ஊரில் குடும்பத்தோடு இருக்கும். கல்யாணத்துக்கு அங்கிருந்து யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

"சரிண்ணா, அனுப்பிடறேன். அம்மா போனப்புறம் பண்டிகைக்குப் போக எனக்கும் வீடில்ல. நானே கூட நின்னு கன்டெய்னர்ல ஏத்திவிடறேன்."

போனை வைத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னார். மேனேஜர் வாயைப் பிளந்தார்.

"சார், உங்களுக்கு ஒரே பையன்தானே? அவனும் எட்டாவதுதானே படிக்கிறான்?"

"மெதுவாப் பேசுய்யா, மேல வீடு. புது ஹோட்டல் திறப்பு விழாவுக்கு நாற்காலி வேணும்னா அவ அசைவாளா? எல்லாரும் அதையேதான் சொல்வாங்க. கல்யாணம்னாதான் மனசு இளகும். இந்த ஆர்டர் போச்சுன்னா நாம கடையைக் கட்டிட்டுப் போகவேண்டியதுதான்."

கன்டெய்னர் விடுமுறைக்கு முதல் நாளே கப்பலேறியது. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்க, அறுநூறும் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. மற்ற இறக்குமதிக்காரர்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை.

புத்தாண்டுக்கு ஆறாம் நாள், திறப்பு விழா நாள் காலை. புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டு மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். நெடுநேரம் ஆகியும் திரும்பவில்லை.

அவர் எட்டிப் பார்த்தார். அவருடைய விசிட்டிங் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய சிவப்புப் பெட்டியோடு ஒரு சீனப் பெண் சோபாவில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பொண்ணுக்கு அத்தை வந்திருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு அம்மா யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."